ஊர் கிளினிக்கை மூடப்போகிறார்கள்: வேல்ஸ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பவைப்பது எப்படி?

கேள்வி: வேல்ஸில், போவிஸ் பகுதியின் ஒரு சிற்றூரில் குடியிருக்கிறோம். மனைவி இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியர். எங்கள் ஊரில் இருக்கும் ஜி.பி. (குடும்ப மருத்துவர்) கிளினிக்கின் கிளையை மூட விண்ணப்பித்திருப்பதாக நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். தலைமைக் கிளினிக் 11 மைல் தூரத்தில் இருக்கிறது. பிற்பகலுக்கு மேல் அங்கிருந்து திரும்பிவரப் பேருந்து கிடையாது. எங்கள் பகுதி உறுப்பினர் மூலம் இதைச் செனெத்தில், அதாவது வேல்ஸ் நாடாளுமன்றத்தில், எழுப்ப முடியுமா? எங்களிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட்.

பதில்: முடியும். பாஸ்போர்ட் ஒரு தடையே அல்ல. அந்தத் தொகுதியில் வசிப்பவர் யாராக இருந்தாலும் உறுப்பினரிடம் உதவி கேட்கலாம். ஓட்டும் உங்களுக்கு உண்டு. 2020-இல் வந்த சட்டப்படி, வேல்ஸில் சட்டபூர்வமாக வசிக்கும் வெளிநாட்டவரும் 16 வயது நிரம்பியவர்களும் செனெத் தேர்தலில் வாக்களிக்கலாம். வாக்காளர் பட்டியலில் இன்னும் பதியவில்லை என்றால் உடனே பதிந்துவிடுங்கள்.

யாருக்கு எழுதுவது என்பதில்தான் பலர் முதல் தப்பு செய்கிறார்கள். 2026 மே தேர்தலிலிருந்து செனெத்தில் 96 உறுப்பினர்கள். 16 தொகுதிகள், தொகுதிக்கு ஆறு பேர். போவிஸின் வடபகுதி குவினெத் மால்ட்வின் தொகுதியிலும், தென்பகுதி பிரிகைனியோக் தாவே நெத் தொகுதியிலும் வரும். உங்களுக்கும் ஆறு பேர் இருப்பார்கள். ஆறு பேருக்கும் ஒரே மின்னஞ்சலைத் தட்டிவிட்டால், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொரு அலுவலகமும் விட்டுவிட வாய்ப்பு அதிகம். ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவருக்கு எழுதுங்கள். இரண்டு வாரத்தில் அசைவில்லை என்றால் அடுத்தவரிடம் போங்கள். முதலில் யாருக்கு எழுதினீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? கட்சியைவிட அவர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். அமைச்சராக இருப்பவர் அவையில் கேள்வி கேட்க முடியாது. சக அமைச்சருக்குக் கடிதம் எழுதலாம், அவ்வளவுதான். ஆளுங்கட்சியின் சாதாரண உறுப்பினர் அமைச்சரிடம் தனியாகப் பேசிக் காரியம் முடிக்கக் கூடியவர். எதிர்க்கட்சிக்காரர் அவையில் உரக்கக் கேட்பார். கிளினிக் விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது என்றால் ஆளுங்கட்சி உறுப்பினரும், முடிவெடுக்கும் சுகாதார வாரியம் காதே கொடுக்கவில்லை என்றால் எதிர்க்கட்சிக்காரரும் பொருத்தம் என்பது எங்கள் கருத்து. சுகாதாரக் குழுவில் இருப்பவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

அதற்கு முன், விஷயம் செனெத்தின் அதிகாரத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். சுகாதாரம், பள்ளிக்கல்வி, விவசாயம், உள்ளாட்சி, திட்டமிடல், பேருந்து ஆகியவை செனெத் இருக்கும் கார்டிஃபில் முடிவாகின்றன. விசா, அரசு உதவித்தொகை, போலீஸ், மொபைல் சிக்னல், தபால் நிலையம் இவை லண்டனைச் சேர்ந்தவை; அவற்றுக்கு லண்டன் நாடாளுமன்றத்தில் இருக்கும் உங்கள் எம்.பி.தான். சாலையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஏ470, ஏ487 போன்ற பெருஞ்சாலைகள் வேல்ஸ் அரசுடையவை. உங்கள் வீட்டு முன்னால் இருக்கும் குழி பெரும்பாலும் கவுன்டி கவுன்சிலுடையது. குழிக்காகச் செனெத் உறுப்பினருக்கு எழுதினால் அவர் அதைக் கவுன்சிலருக்கு அனுப்புவார். ஒரு மாதம் வீண்.

உங்கள் விஷயம் சுகாதாரம் என்பதால் செனெத்துக்குள்ளேதான் வருகிறது. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. ஜி.பி. கிளினிக்கை அமைச்சர் நடத்துவதில்லை. மருத்துவர்கள் சுயேச்சையான ஒப்பந்தக்காரர்கள். ஒப்பந்தம் அவர்களுக்கும் போவிஸ் சுகாதார வாரியத்துக்கும் இடையே. கிளையை மூட மருத்துவர்கள் விண்ணப்பிக்கிறார்கள், வாரியம் முடிவெடுக்கிறது. ஆகவே, ‘எங்கள் ஊர் கிளினிக்கை ஏன் மூடுகிறீர்கள்?’ என்று உறுப்பினர் கேட்டால், ‘அது உள்ளூர் வாரியத்தின் முடிவு’ என்று அமைச்சர் ஒரே வரியில் முடித்துவிடுவார். கிராமப்புறப் புகார்களில் பெரும்பாலானவை இந்த வரியில்தான் மாட்டிக்கொண்டு நிற்கின்றன.

கேள்வி அமைச்சரின் பொறுப்பைத் தொடும்படி இருக்க வேண்டும். உதாரணமாக: ‘கிளையை மூடும் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போது, கார் இல்லாத நோயாளிகளின் பயணத்தை எப்படிக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று வாரியங்களுக்கு அரசு தந்திருக்கும் வழிகாட்டுதல் என்ன? போவிஸில் அது பின்பற்றப்படுகிறதா என்று அமைச்சர் விசாரித்தாரா?’ இதற்கு ‘வாரியத்தின் முடிவு’ என்று பதில் சொல்ல முடியாது. விசாரிக்கவில்லை என்றால் அதுவும் பதிவாகிவிடும்.

கேள்வி கேட்க உறுப்பினருக்குப் பல வழிகள் உண்டு. எழுத்துக் கேள்வி எளிது. பதில் வரவேண்டிய நாளுக்குக் குறைந்தது ஐந்து வேலை நாள் முன்பு தாக்கல் செய்தால் போதும். பதில் எழுத்தில் வரும், இணையத்தில் ஏறும். எண்களும் தேதிகளும் வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. வாய்மொழிக் கேள்விக்குக் குலுக்கலில் பெயர் வர வேண்டும். இதற்காக முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் கேள்வி பொதுவாகத்தான் இருக்கும். ‘போவிஸில் அடிப்படை மருத்துவ வசதி பற்றி அமைச்சர் அறிக்கை தருவாரா?’ என்பது போல. நிஜமான குத்து அதற்குப் பின் வரும் துணைக் கேள்வியில் இருக்கும். உங்கள் ஊர்ப்பெயரும், 11 மைலும், இல்லாத பேருந்தும் அங்கேதான் வரும். வேறொரு உறுப்பினரின் கேள்வியிலும் உங்கள் உறுப்பினர் துணைக் கேள்வியுடன் நுழையலாம். ஆகவே, ‘உங்களுக்குக் குலுக்கலில் வராவிட்டால், போவிஸ் பற்றிய எந்தக் கேள்வியிலும் இதைச் சேர்த்துவிடுங்கள்’ என்று கடிதத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பலரும் கவனிக்காத ஒரு வாசல், வரும் வாரங்களின் அவை அலுவல்களை அறிவிக்கும் நேரம். அப்போது எந்த உறுப்பினரும் எழுந்து, ‘இது குறித்து அரசு அறிக்கை வேண்டும்’ என்று கேட்கலாம். குலுக்கல் தொல்லை இல்லை. அவை அலுவல்களுக்குப் பொறுப்பான அமைச்சர் அங்கேயே பதில் சொல்வார். பெரிய வாக்குறுதி ஒன்றும் கிடைக்காது. ஆனால் ஊர்ப்பெயர் அவைக்குறிப்பில் ஏறும். அதைக் காட்டி உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வரவைக்கலாம்.

இனி, நீங்கள் அனுப்பவேண்டிய தாள். ஒரு பக்கம் போதும். நாலு பக்கக் கதையை யாரும் படிக்கமாட்டார்கள். முதல் வரியில் முகவரியும் அஞ்சல் குறியீடும் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் நீங்கள் அவருடைய தொகுதியா என்று கேட்டு ஒரு மடல் வரும், ஒரு வாரம் போய்விடும். அடுத்து நோட்டீஸின் தேதி, கருத்துச் சொல்லக் கடைசி நாள், நோட்டீஸின் படம். பிறகு பேருந்து அட்டவணை: போக எத்தனை மணிக்கு, திரும்ப எத்தனை மணிக்கு. இறுதியில் நீங்கள் கேட்பது என்ன என்று ஒரே வரி. ‘ஏதாவது செய்யுங்கள்’ என்று எழுதினால் ‘கவனத்தில் கொண்டோம்’ என்றுதான் பதில் வரும்.

எண்களை அரசிடமிருந்தோ வாரியத்திடமிருந்தோ எடுங்கள். 2024 மார்ச் 6 அன்று செனெத் படிகளில் விவசாயிகள் 5,500 ஜோடி ரப்பர் பூட்ஸை வரிசையாக வைத்தார்கள். புதிய விவசாய மானியத் திட்டத்தால் 5,500 வேலைகள் போகலாம் என்ற கணக்கு அரசுக்காகவே தயாரித்த ஆய்வில் இருந்தது. அரசால் அந்த எண்ணை மறுக்க முடியவில்லை. நிலத்தில் 10 சதவீதம் மரம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, 2025 ஜூலையில் வந்த இறுதித் திட்டத்தில் இல்லை. அது பூட்ஸால் மட்டும் நடந்ததல்ல. ஆனால் எதிராளியின் எண்ணையே எடுத்து அவர் வாசலில் வைப்பதற்குத் தனி பலம் உண்டு. உங்கள் விஷயத்தில், மூடும் விண்ணப்பத்தின் நகல், கிளையில் பதிந்த நோயாளிகளின் எண்ணிக்கை, பயணம் பற்றிய மதிப்பீடு ஆகியவற்றை வாரியத்திடம் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். கருத்துச் சொல்லும் காலம் அதற்குள் முடிந்துவிடலாம் என்பதால் இன்றே அனுப்பிவிடுங்கள்.

அண்டை வீட்டுப் பாட்டியின் நிலைமையையும் சேர்க்கப்போகிறீர்களா? அவருடைய கையெழுத்துடன் சம்மதக் கடிதம் வேண்டும். அது இல்லாமல் உறுப்பினரின் அலுவலகம் அவருடைய மருத்துவ விவரத்தை வாரியத்திடம் கேட்க முடியாது. அவையில் பேசுவது நிரந்தரப் பதிவு என்பதும் நினைவிருக்கட்டும். பெயர் சொல்லாவிட்டாலும், ‘டயாலிசிஸ் செய்துகொள்ளும் 82 வயதுப் பெண்’ என்றால் சிற்றூரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று கடிதத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.

மனு போடலாமா? போடலாம். 250 கையெழுத்து சேர்ந்தால் செனெத்தின் மனுக்கள் குழு பரிசீலிக்கும். 10,000 சேர்ந்தால் அவையில் விவாதம் கேட்கலாமா என்று குழு யோசிக்கும். 20 மைல் வேகவரம்புக்கு எதிரான மனுவில் 4.69 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். அந்த அளவு உங்களுக்குத் தேவையில்லை. குழு அமைச்சருக்கு எழுதி, வரும் பதிலை உங்களிடம் காட்டிக் கருத்துக் கேட்கும். 250 கையெழுத்துக்கு அது நல்ல பலன். ‘வேல்ஸ் அரசு இதைச் செய்ய வேண்டும்’ என்று மனுவின் வாசகம் இருக்கட்டும். தனிநபர் புகார் போல எழுதினால் ஏற்கமாட்டார்கள்.

இதோடு நோயாளிகளின் குரலுக்காக 2023 ஏப்ரலில் தொடங்கிய ஹ்லைஸ் என்ற அமைப்புக்கும் எழுதுங்கள். இது சட்டப்படி அமைந்தது. அவர்கள் முன்வைக்கும் கருத்தை வாரியம் கணக்கில் எடுத்தாக வேண்டும். சொல்லப்போனால், செனெத்தில் ஒரு கேள்வியைவிட இவர்களின் ஒரு கடிதம் சில சமயம் வேகமாக வேலை செய்யும்.

நேரம் பார்த்து அனுப்புங்கள். உறுப்பினர்கள் திங்களும் வெள்ளியும் பெரும்பாலும் தொகுதியில் இருப்பார்கள். நேரில் பார்க்க அந்த நாட்கள்தான் தோது. கோடையில் ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரை அவை கூடாது. அப்போது அமைச்சருக்கு உறுப்பினர் எழுதும் கடிதம்தான் கைகொடுக்கும்.

வழக்குப் போடும் யோசனை இருந்தால் உறுப்பினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விசாரணையில் இருக்கும் வழக்கைப் பற்றி அவையில் பேசக்கூடாது என்பது விதி. கேட்கவேண்டிய கேள்வியெல்லாம் அதற்கு முன்பே கேட்டு முடித்திருக்க வேண்டும்.