இல்லாத மதிப்பை என்ன செய்வது?

கே: ரஸ்ட் ப்ரோகிராமிங் மொழியில், சாவி-மதிப்பு ஜோடிகளை வைக்கும் ஹேஷ்மேப்பில் ஒரு சாவியைத் தேடினால் மதிப்பு வராமல் ஆப்ஷன் வருகிறது. கம்பைலர் விடமாட்டேன் என்கிறதே என்று எல்லா இடத்திலும் அன்ராப் போட்டேன். இப்போது ப்ரோகிராம் பாதியில் பேனிக் ஆகி நிற்கிறது. டைப் சேஃப்டி என்றார்களே?

ப: கம்பைலர் எச்சரித்தது, அதன் வாயை அடைத்தது உங்கள் அன்ராப். சாவி இல்லாமலும் போகலாம் என்பதுதான் ஆப்ஷன் சொல்லும் சேதி. சம் (மதிப்பு இருக்கிறது) வந்தால் அன்ராப் மதிப்பை எடுத்துத் தரும். நன் (மதிப்பு இல்லை) வந்தால் அங்கேயே பேனிக்.

கோடில் அன்ராப் உள்ள வரிகளைத் தேடி, ஒவ்வொன்றிலும் நன் வந்தால் என்ன நடக்கவேண்டும் என்று முடிவுசெய்யுங்கள். சம், நன் இரண்டு வழியிலும் வேலை இருந்தால், மேட்ச் போட்டுத் தனித்தனியே எழுதுங்கள். மதிப்பில்லாமல் மேலே போவதில் பயனில்லை என்றால் ஒரு ? போதும், ஃபங்ஷன் அங்கேயே நன்னைத் திருப்பிவிடும். ஆனால் ஃபங்ஷன் ரிசல்ட் (விடை அல்லது பிழை என்று இரண்டில் ஒன்றைத் தரும் டைப்) திருப்புவதாக இருந்தால் இ0277 என்ற பிழை வரும். அப்போது ? போடுமுன் ஓகே_ஆர் மூலம் பிழை மதிப்பு ஒன்றைக் கொடுங்கள். நன் வரவே வராது என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் எக்ஸ்பெக்ட் (அன்ராப் போன்றதே, பேனிக் ஆனால் நாம் எழுதிய செய்தியைக் காட்டும்) போட்டு, ஏன் வராது என்பதையும் அதில் எழுதிவிடுங்கள்.

கே: எல்லாவற்றுக்கும், நன் வந்தால் 0 தரும் அன்ராப்_ஆர்(0) போட்டால் பேனிக்கே வராதே?

ப: வராது. தப்பான விடை வரும், அதுவும் சத்தமில்லாமல். சென்சார் வெப்பநிலை 30, நன், 32 என்று வைத்துக்கொள்வோம். நன்னை 0 ஆக்கினால் சராசரி 20.67. ஃப்ளாட்டன் போட்டு நன்னைத் தள்ளிவிட்டு, மிஞ்சிய இரண்டால் வகுத்தால் 31. பழையபடி மூன்றாலேயே வகுத்தால் மறுபடி 20.67 தான்! ஒரு சொல் எத்தனை முறை வந்தது என்று எண்ணும்போது சாவி இல்லையென்றால் 0 என்பதே உண்மை. அங்கே தாராளமாகப் போடலாம்.

இன்னொன்று, அன்ராப்_ஆர் அடைப்புக்குள் ஃபங்ஷனை அழைத்தால் சம் வந்தாலும் அது ஓடும். டேட்டாபேஸைத் தொடும் வேலை என்றால் வீண்செலவு. அன்ராப்_ஆர்_எல்ஸில் க்ளோஷராக (பெயரில்லாத சிறு ஃபங்ஷனாக) கொடுத்தால் நன் வந்தால் மட்டுமே ஓடும்.

கே: ஆப்ஷன் கூடுதல் மெமரி எடுக்குமா?

ப: டைப்பைப் பொறுத்தது. யு32 என்ற முழு எண் டைப் 4 பைட். ஆப்ஷனில் வைத்தால் 8. மெமரி முகவரியை வைத்திருக்கும் ரெஃபரன்ஸுக்கும் பாக்ஸுக்கும் கூடுதலாக ஒரு பைட்கூட ஆகாது. அவற்றில் பூஜ்ய முகவரி வரக்கூடாது என்பது விதி. அந்தக் காலியிடத்தையே நன்னுக்கு எடுத்துக்கொள்கிறது கம்பைலர்.