சிஸ்டர்ன் ஒழுகுது, சத்தம் போடுது: கேட்டவர்களுக்குப் பதில்

கொமட்டுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்ப் பெட்டியைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு விஷயம். அந்தப் பெட்டிக்குள் வேலை செய்வது இரண்டே இரண்டு வால்வுதான். ஒன்று, மிதவையோடு சேர்ந்து தண்ணீரை உள்ளே விடுகிற வால்வு. மற்றது நடுவில் அடியோடு இருப்பது, பட்டனை அமத்தினால் தண்ணீரைக் கொமட்டுக்குள் இறக்குவது. இந்த இரண்டில் எது பிழை என்று தெரியாமல் கடைக்குப் போனால் முழு செற்றையும் தலையில் கட்டி அனுப்பிவிடுவார்கள்.

கோண்டாவிலில் இருந்து: அண்ணை, ஒருவரும் ரொய்லெற் பக்கம் போகாத நேரத்திலும் இடைக்கிடை 'ஸ்ஸ்' என்று தண்ணீர் நிரம்புகிற சத்தம் கேட்குது. இரவில் நித்திரை இல்லை. அம்மா பேய் என்கிறா. வந்து பார்த்த பிளம்பர் எல்லாம் புதுசாகப் போட வேணும் என்கிறார். உண்மையோ?

பேய் இவ்வளவு ஒழுங்காக நேரம் பார்த்து வராது தங்கச்சி. உங்கள் பெட்டியில் இருந்து தண்ணீர் சத்தமில்லாமல் கொமட்டுக்குள் கசிகிறது, மட்டம் கொஞ்சம் இறங்கியதும் மிதவை தாழ்ந்து வால்வு திறந்து மறுபடி நிரப்புகிறது. அந்த நிரப்புகிற சத்தம்தான் உங்களுக்குக் கேட்கிறது. பெரும்பாலும் அடி வால்வின் ரப்பர் வளையம்தான் காரணம். உறுதிப்படுத்த வேண்டுமென்றால் வெள்ளை உடுப்புக்குப் போடுகிற நீலத்தைக் கொஞ்சம் கரைத்துப் பெட்டிக்குள் ஊற்றுங்கள், அரை மணித்தியாலம் ஒருவரும் பட்டனைத் தொடக்கூடாது, பிறகு கொமட்டுக்குள் பாருங்கள். நீலம் இறங்கியிருந்தால் கசிவு நிச்சயம்.

அடுத்தது, பெட்டிக்கு வருகிற பைப்பில் இருக்கும் சின்ன வால்வை மூடிவிட்டு, உள்ளே தண்ணீர் நிற்கிற மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஒரு மணித்தியாலம் விட்டுப் பார்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். மட்டம் அடிவரை இறங்கிக்கொண்டே போனால் அடி ரப்பர். ஒரு இடத்தில் வந்து நின்றுவிட்டால் அந்த உயரத்தில்தான் எங்கேயோ வெடிப்பு, அநேகமாக நடுவில் நிற்கிற வழிவுக் குழாயிலோ, அதாவது மட்டம் மிஞ்சினால் தண்ணீரைக் கொமட்டுக்குள் இறக்கிவிடுகிற குழாயிலோ, அதன் பொருத்திலோ. மட்டம் அசையவே இல்லை என்றால் அடி வால்வில் குற்றமில்லை, மேலே உள்ளே விடுகிற வால்வு மூடாமல் தண்ணீர் வழிவுக் குழாயால் போய்க்கொண்டிருக்கிறது. எவ்வளவு போகிறது என்று கணக்கும் பார்க்கலாம். பெட்டியின் உட்பக்கம் 40 சென்ரிமீற்றர் நீளம், 15 அகலம் என்று வைத்தால் ஒரு சென்ரிமீற்றர் இறங்குவது 600 மில்லிலீற்றர். மணித்தியாலத்துக்கு 5 சென்ரிமீற்றர் இறங்கினால் நாளுக்கு 72 லீற்றர். கிணறு வைத்திருக்கிறவர் தண்ணீர் காசில்லை என்று நினைப்பார், அதை ஏற்றுகிற மோட்டருக்கு வருகிற கரண்ட் பில்லை யோசிப்பதில்லை.

ரப்பர் என்று தெரிந்தால்: தண்ணீரை மூடிப் பெட்டியை வெறுமையாக்குங்கள். நடு வால்வின் கோபுரத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கால் சுற்றுத் திருப்பினால் பெரும்பாலான மொடல்களில் கழன்று மேலே வரும். அதன் அடியில் மெல்லிய வளையம் ஒன்று இருக்கும். அதையும் அது இருந்து மூடுகிற விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் பத்துக்கு எட்டு வீட்டில் அந்த விளிம்பில் வெள்ளைச் சுண்ணாம்பு கரடாகப் படிந்திருக்கும், ரப்பரில் ஒரு குறையும் இருக்காது. துணியால் துடைத்து, வளையத்தை மறுபக்கம் திருப்பிப் போட்டால் கொஞ்சக் காலம் ஓடும். புதுசு வாங்குவதென்றாலும் வளையம் மட்டும் வாங்குங்கள், பழையதைக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து.

சுன்னாகத்தில் இருந்து: அந்தச் சுண்ணாம்பைக் கழற்ற என்ன போடலாம்? ரொய்லெற் கழுவுகிற அசிட்டைப் பெட்டிக்குள் ஊற்றினால் என்ன?

ஊற்றாதீர்கள். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல்லில் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீரில் அந்தச் சுண்ணாம்பு கரைந்தே வருகிறது. கேத்திலுக்குள் படிகிற அதே வெள்ளைதான் இதுவும். அசிட் அதைக் கரைக்கும், உண்மை. ஆனால் உள்ளே இருக்கிற உலோகக் கம்பி, ஆணி எல்லாவற்றையும் சேர்த்துத் தின்னும். கழற்றிய பாகங்களை வினாகிரியில் இரவு முழுக்க ஊறப் போடுங்கள், போதும். அவசரத்துக்குத் தேசிக்காய்ப் புளியும் வேலை செய்யும், நுரைத்து வந்தால் சுண்ணாம்பு கரைகிறது என்று அர்த்தம். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். கத்தியால் சுரண்டினால் பிளாஸ்ரிக் விளிம்பில் கீறல் விழும், பிறகு எந்த ரப்பரும் அங்கே ஒட்டாது.

இதை மட்டும் வடிவாகக் கேளுங்கள். அசிட் உள்ள கழுவியையும் குளோரின் உள்ள எதையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் ஊற்றக்கூடாது. குளோரின் வாயு வரும், சின்ன ரொய்லெற்றுக்குள் அது உயிருக்கே ஆபத்து. வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குப் போட்ட குளோரின் தூள் மிச்சம் இருக்கிறது என்று அதையும் கொமட்டுக்குள் கொட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். பெட்டிக்குள் போட்டு வைக்கிற குளோரின் மாத்திரையும் வேண்டாம், அது ரப்பரைக் கெதியாய் இறுக்கி வெடிக்கப் பண்ணும்.

உரும்பிராயில் இருந்து: ரப்பருக்கு வாஸ்லின் பூசினால் நல்லாய் ஒட்டும் என்கிறார்களே?

எண்ணெய்ப் பசை ரப்பரை ஊத வைக்கும். பூசுவதென்றால் சிலிக்கோன் கிரீஸ் மட்டும்.

கொடிகாமத்தில் இருந்து: தம்பி, கொழும்பில் இருந்து மகன் நல்ல விலை கொடுத்து வால்வு வாங்கி அனுப்பினவன். பூட்டின நாள் தொடக்கம் பெட்டி நிரம்பக் கால் மணித்தியாலம் செல்லுது. சாமான் பழுதோ?

சாமானில் பிழை இருக்காது ஐயா, அது உங்கள் வீட்டுக்கு ஏற்ற சாமானில்லை. உங்கள் தண்ணீர் மேலே இருக்கிற தாங்கியில் இருந்து தன் பாரத்தில் இறங்கி வருகிறது. 10 மீற்றர் உயரத்துக்குத்தான் 1 பார் அமுக்கம். உங்கள் தாங்கி பெட்டியை விட 4 மீற்றர் மேலே இருந்தால் கிடைப்பது 0.4 பார். நகரத்துக் குழாய் அமுக்கத்துக்குச் செய்த வால்வின் உள்ளே துளை சின்னனாக இருக்கும், அமுக்கம் குறைந்த வீட்டில் அதனால் தண்ணீர் நூலாகத்தான் வரும். வால்வு வந்த அட்டைப் பெட்டியில் குறைந்தது எத்தனை பார் வேண்டும் என்று போட்டிருக்கும், பாருங்கள்.

மாற்றுவதற்கு முன் இரண்டு வேலை. வால்வின் வால், அதாவது தண்ணீர் பைப் பூட்டுகிற பக்கம், அதன் உள்ளே சின்ன வலை ஒன்று இருக்கும், கழற்றிக் கழுவுங்கள், தாங்கியில் இருந்து வருகிற பாசியும் மணலும் அங்கேதான் அடைக்கும். சில வால்வுகளில் அமுக்கத்தைக் குறைக்க ஒரு சின்ன பிளாஸ்ரிக் துண்டும் வாலுக்குள் செருகியிருக்கும். தாங்கித் தண்ணீர் வீடுகளில் அதை எடுத்துவிடலாம்.

குருநகரில் இருந்து: பெட்டி நிரம்பி நிற்கிற நேரம் சுவருக்குள் 'டக் டக்' என்று அடிக்குது. மோட்டர் ஓடுகிற நேரம்தான் கூட.

நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள். மோட்டரில் இருந்து தாங்கிக்கு ஏறுகிற பைப்பிலேயே பாத்றூமுக்கும் கிளை விட்டிருக்கிறார்கள் போல. பைப் செலவை மிச்சம் பிடிக்க இப்படிச் செய்கிற வீடுகள் இருக்கின்றன. மோட்டர் ஓடும்போது தாங்கியின் பாரத்தை விட அமுக்கம் எகிறும், ஓடி வருகிற தண்ணீரை வால்வு சட்டென்று மறிக்கும்போது அந்த வேகம் பைப்பில் அடிக்கிறது. பிடிப்பில்லாத பைப் என்றால் சுவரில் மோதும். தற்காலிகமாகப் பெட்டிக்குக் கீழே இருக்கிற வால்வைக் கொஞ்சம் குறையுங்கள், வெளியே தெரிகிற பைப்புக்குக் கிளிப் அடியுங்கள். சரியான திருத்தம், தாங்கியில் இருந்து கீழே வருகிற பைப்பில் இருந்து பாத்றூமுக்குத் தனியாக எடுப்பதுதான்.

அடிக்காமல் மூடும் நேரம் 'ஊ' என்று ஊளையிடுகிற சத்தம் என்றால் அது வேறு. வால்வுக்குள் இருக்கிற வாஷர் தேய்ந்து துடிக்கிறது, வாஷரை மாற்றினால் நிற்கும்.

வேலணையில் இருந்து: பெட்டிக்குக் கீழே நிலம் எந்த நேரமும் ஈரம். வேர்க்கிறது என்கிறார் வீட்டுக்காரர்.

குளிர்ந்த தண்ணீர் உள்ள ஊரில் பெட்டி வேர்க்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீரும் வெயிலில் நிற்கிற தாங்கியும் இருக்கிற சூட்டுக்கு அது வேர்ப்பது அருமை. ஈரம் என்றால் ஒழுக்கு என்றே எடுங்கள் அக்கா. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, பெட்டியைக் கொமட்டோடு பிடிக்கிற ஆணிகளுக்குக் கீழேயும் தண்ணீர் பைப் பூட்டுகிற இடத்திலும் பேப்பர்த் துண்டு வையுங்கள், எது முதலில் நனைகிறதோ அதுதான். உங்கள் பக்கம் உவர்த் தண்ணீர், இரும்பு ஆணி என்றால் கறள் பிடித்து வாஷரையும் தின்றிருக்கும். பித்தளை ஆணியாக மாற்றுங்கள். இறுக்கும்போது இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக, கையால் இறுக்கி ஸ்பனரால் ஒரு சொட்டு. ஒழுக்கு நிற்கவில்லை என்று பலமாக இறுக்கினால் பீங்கான் வெடிக்கும், பிறகு முழுப் பெட்டியும் வாங்க வேண்டியதுதான்.

நல்லூரில் இருந்து: எங்களது பழைய காலத்துக் கைப்பிடிப் பெட்டி. மூன்று நாலு தரம் அடித்தால்தான் தண்ணீர் இறங்கும். எறிந்துவிட்டுப் பட்டன் வைத்தது வாங்கவோ?

எறியாதீர்கள். அது சைபன் முறை, கைப்பிடி தூக்கிவிடுகிற தண்ணீர் வளைந்த குழாயால் மிச்சத்தையும் இழுத்துக்கொண்டு இறங்கும், அடியில் மூடி இல்லை, அதனால் மூடி தேய்ந்து ஒழுகுகிற வியாதியும் இல்லை. தண்ணீரைச் சிக்கனமாகப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் அதில்தான் விருப்பம். பல தரம் அடிக்க வேண்டி வருவது, தண்ணீரைத் தூக்கிக் கொடுக்கிற மெல்லிய பிளாஸ்ரிக் தகடு கிழிந்ததால். பெட்டிக்கு அடியில் உள்ள பெரிய நட்டைக் கழற்றி சைபனை வெளியே எடுத்து, பழைய தகட்டை அளவாக வைத்துத் தடித்த பொலித்தீனில் வெட்டிப் போடலாம். கழற்ற முன் தண்ணீர் மட்டத்தையும் பாருங்கள், மட்டம் குறைவாக இருந்தாலும் இதே பிரச்சினை வரும்.

கனடாவில் இருந்து: சுழிபுரத்தில் வீடு பூட்டிக் கிடக்குது. இரண்டு வருஷத்துக்கு ஒருக்கால் வாறம். ஒவ்வொரு முறையும் வந்து திறந்த உடன் ஒழுக்கு.

தண்ணீர் நின்றால் நுளம்பு, தண்ணீர் வற்றினால் ரப்பர் காய்ந்து இறுகும். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்வதென்றால் ரப்பர் போகட்டும். பூட்டிய வீட்டின் சிஸ்டர்னும் கொமட்டும் டெங்கு நுளம்பு முட்டையிட நல்ல இடம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை யோசியுங்கள். போக முன் தாங்கியில் இருந்து வருகிற வால்வை மூடி, பெட்டியை வெறுமையாக்கித் துணியால் ஒற்றி எடுங்கள். கொமட்டின் வளைவில் நிற்கிற தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் குழியின் மணம் வீட்டுக்குள் ஏறும். அதன் மேல் கொஞ்சம் சமையல் எண்ணெய் ஊற்றினால் வற்றுவது குறையும், நுளம்புக்கும் கஷ்டம். கொமட் மூடியைப் பொலித்தீனால் சுற்றிக் கட்டுங்கள். வரும்போது ஒரு வளையமும் ஒரு வாஷரும் கையில் இருந்தால் விஷயம் முடிந்தது.

சங்கானையில் இருந்து: ஒழுகினால் ஒழுகட்டும், குழிக்குள் போய்த் திரும்பக் கிணற்றுக்குத்தானே வருகிறது என்கிறார் அப்பா.

அதுதான் பயம். வெடிப்பும் துளையுமான சுண்ணக்கல் வடிகட்டாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். நாள் முழுக்கத் தண்ணீர் இறங்கினால் மலக்குழியில் இருப்பது தெளிய நேரமில்லாமல் வெளியே தள்ளப்படும், கார்த்திகை மார்கழி மழையில் நிலத்தடி நீர் உயர்ந்து நிற்கும்போது குழியே நிரம்பி வழியும், பிறகு குழி இறைக்கிற பவுசருக்கு வரிசையில் நிற்க வேண்டும். திருத்தும் வரைக்கும் பெட்டியின் வால்வை மூடிவிட்டு வாளியால் ஊற்றச் சொல்லுங்கள்.

மறுபடி கோண்டாவில்: அண்ணை, நீலம் இறங்கினது. கழற்றிப் பார்த்தால் நீங்கள் சொன்ன மாதிரியே வெள்ளைப் படை. துடைத்துத் திருப்பிப் போட்டாச்சு, சத்தம் நின்றுட்டுது. ஆனால் இப்ப சின்னப் பட்டன் அமத்தினால் மேலே வருகுதில்லை.

மூடியைத் திரும்ப வைக்கும்போது பட்டனுக்குக் கீழே இருக்கிற கம்பி வால்வை அழுத்திக்கொண்டு நிற்கிறது. அந்தக் கம்பியை இரண்டு சுற்று உள்ளே திருகிக் கட்டையாக்குங்கள், பட்டனுக்கும் வால்வுக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றர், இரண்டு மில்லிமீற்றர் வெளி இருக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் இன்றிரவும் ஒழுகும்.