நரம்பு உளவியலாளரிடம் போகச் சொன்னால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 63. ஆறு மாதமாகத் தெரிந்தவர்களின் பெயர்கள்கூட மறந்துபோகின்றன. நரம்பியல் மருத்துவர் என்னை நரம்பு உளவியலாளரிடம் அனுப்பியிருக்கிறார். என் அம்மாவுக்கு முதுமையில் மறதி நோய் இருந்தது. சோதனையில் தேற வேண்டுமே என்று இணையத்தில் தினமும் பயிற்சி செய்கிறேன். உறக்கம் வராததால் தங்கையின் தூக்க மாத்திரையைப் போட்டுக்கொள்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து தலை இடித்துக்கொண்டது, காயம் ஒன்றுமில்லை. அங்கே என்ன செய்வார்கள்?

பதில்: போகிறபோக்கில் நீங்கள் கடைசியாக எழுதியிருப்பதுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. அறுபதைக் கடந்தவர்களுக்குத் தலையில் அடிபட்டால், வெளியே கீறல்கூட இல்லாதபோதும், மூளைக்கு மேலே இரத்தம் மெல்லக் கசிந்து தேங்கி, சில வாரங்கள் கழித்து மூளையை அழுத்தத் தொடங்கக்கூடும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். தலைவலி கூடிக்கொண்டே போவது, பகலில் கண் சொருகுவது, ஒரு பக்கக் கையோ காலோ வலுவிழப்பது, நடை தடுமாறுவது, விழுந்த பிறகு குழப்பம் அதிகமானது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், உளவியலாளர் கொடுத்த தேதிக்குக் காத்திராமல் இன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். சி.டி. ஸ்கேன் எடுக்கச் சில நிமிடங்களே ஆகும். தேங்கிய இரத்தத்தை அறுவை சிகிச்சையால் வெளியேற்ற முடியும். இவற்றில் எதுவுமே இல்லையென்றாலும், விழுந்ததை உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டதா என்பதுதான் உங்கள் உண்மையான பயம். தாய்க்கு முதுமையில் வந்ததால் உங்களுக்கு வாய்ப்பு ஓரளவு கூடுகிறதே தவிர, வந்தே தீரும் என்பதில்லை. மறந்த பெயர் சற்று நேரம் கழித்துத் தானே நினைவுக்கு வருவது இந்த வயதில் மிகச் சாதாரணம்.

நரம்பு உளவியலாளர் என்பவர் நினைவாற்றல், கவனம் போன்ற மூளையின் திறன்களைச் சோதித்துப் பார்ப்பவர். அவர் ஊசி போடுவதில்லை. உங்களைப் பைத்தியம் என்று நினைத்து யாரும் அங்கே அனுப்பவும் இல்லை. முதலில் பேசுவார், பிறகு தாளும் பென்சிலுமாகச் சில மணி நேரம், இடையில் ஓய்வுடன், சோதனைகள் நடக்கும். எண்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும், சிக்கலான ஒரு படத்தைப் பார்த்து வரைய வேண்டும், ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் வருகிறதோ சொல்ல வேண்டும். ஒரு சொற்பட்டியலைப் பலமுறை படித்துக்காட்டி, ஏறக்குறைய அரை மணி நேரம் கழித்து மீண்டும் கேட்பார். எத்தனை சொற்கள் வந்தன என்பதோடு, குறிப்புக் கொடுத்தால் மற்றவை வருகின்றனவா என்பதையும் அவர் கவனிப்பார். வந்தால், சொற்கள் மனதில் பதிந்திருக்கின்றன, அவற்றை நினைவிலிருந்து எடுக்கத்தான் சிரமம் என்று பொருள். மனச்சோர்விலும் உறக்கக் குறைவிலும் இப்படி நேரும். குறிப்புக் கொடுத்தும் வராவிட்டால், அது பதியவே இல்லையோ என்று அவர் மேலும் ஆராய்வார். கேள்விகள் கடினமாகிக்கொண்டே போவதால் எல்லோரும் ஓரிடத்தில் தடுமாறத்தான் செய்வார்கள். உங்கள் வயதும் படிப்பும் உள்ளவர்களோடு ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்வார். இதில் தேர்ச்சி, தோல்வி என்பதே கிடையாது.

ஆகவே இணையப் பயிற்சியை உடனே விடுங்கள். அது உங்கள் உண்மை நிலையை மறைத்து முடிவைக் கெடுக்கும். தங்கையின் மாத்திரை அதைவிட மோசம்: நினைவாற்றலை மழுங்கடிக்கும், மீண்டும் விழவைக்கும், தலையில் அடிபட்டதால் பகலில் கண் சொருகினாலும் அதை மாத்திரையின் மயக்கம் என்று எண்ணவைக்கும். எந்த மாத்திரை, எத்தனை நாளாக என்பதை மருத்துவரிடம் சொல்லி, அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள். நெடுநாள் சாப்பிட்டதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

மூக்குக் கண்ணாடியையும், காது கேட்கும் கருவி இருந்தால் அதையும், சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். தங்கையையும் உடன் அழைத்துப் போங்கள். உங்களுக்கே தெரியாமல் உங்களிடம் மாறியிருப்பதை அவர்தான் சொல்ல முடியும்.