அசிட்டோனைத் திடக் காரத்தால் விலை கூடிய பொருளாக மாற்றுவது எப்படி?

நெயில் பாலிஷ் அழிக்கும் அதே அசிட்டோன்தான். பீனால் தயாரிக்கும் ஆலைகள் கையாளும் கியூமீன் முறையில் ஒரு டன் பீனால் எடுத்தால் கூடவே சுமார் 0.6 டன் அசிட்டோனும் வந்து சேரும். அதை வேறு எதாவது ஆக்கியே தீர வேண்டும்.

காரம் ஒரு அசிட்டோன் மூலக்கூறிலிருந்து புரோட்டானைப் பிடுங்கும். புரோட்டானை இழந்த அந்த மூலக்கூறு இன்னொரு அசிட்டோனோடு இணைந்து டைஅசிட்டோன் ஆல்கஹால் ஆகும். அதிலிருந்து நீர் போனால் மெசிட்டைல் ஆக்சைடு. அதில் ஹைட்ரஜன் ஏற்றினால் பெயின்ட் தொழிலுக்கு வேண்டிய கரைப்பானான எம்.ஐ.பி.கே. (மெத்தில் ஐசோபியூட்டைல் கீட்டோன்).

சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலும் இதைச் செய்யும். ஆனால் பிறகு அமிலம் விட்டு நடுநிலையாக்க வேண்டும், உப்புக் கழிவுநீர் வேறு. திடக் காரமென்றால் வடிகட்டினால் போதும்.

சிக்கல் முதல் படியில்தான். அது மீள்வினை; சமநிலையில் விளைபொருள் கொஞ்சமே. இதற்கு ஒரு பழைய ஆய்வக உத்தி உண்டு, எனக்கு மிகப் பிடித்தது. கீழே கொதிக்கும் திரவத்தை மேலே குளிர்வித்து, நடுவிலுள்ள உறை வழியே திரும்பத் திரும்ப இறக்கும் கண்ணாடிக் கருவி சாக்ஸ்லெட்; அதன் உறையில் பேரியம் ஹைட்ராக்சைடு என்ற திடக் காரத்தை வைப்பார்கள். 56 டிகிரியில் கொதிக்கும் அசிட்டோன் ஆவியாகி மேலே போய், குளிர்ந்து, காரத்தின் வழியே இறங்கும். சுமார் 166 டிகிரியில் கொதிக்கும் விளைபொருளோ குடுவையிலேயே தங்கிவிடும். காரத்தை மறுபடி தொடாததால் திரும்ப உடையாது.

இன்று மக்னீசியம் ஆக்சைடு, சுட்ட ஹைட்ரோடால்சைட்டு (மக்னீசியமும் அலுமினியமும் கொண்ட அடுக்குக் கனிமம்) போன்றவையும் பயன்படுகின்றன. பிந்தையதில் பல்லேடியம் உலோகத்தை ஏற்றி, ஹைட்ரஜனும் கொடுத்தால் ஒரே கலனில் எம்.ஐ.பி.கே. வரை போகலாம். சுட்டதைத் திறந்து மட்டும் வைக்காதீர்கள்: காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு காரத் தளங்களில் ஒட்டி அவற்றை முடக்கிவிடும்.