டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு எலக்ட்ரானிக் இசை ஜோடி அடுத்தவர் பாட்டை வெட்டி ஒட்டித்தானே பெயர் வாங்கினார்கள்? இதில் என்ன திறமை இருக்கிறது?

அவர்களுடைய 'ஒன் மோர் டைம்' பாட்டையும் அது வெட்டி எடுத்த மூலப் பாட்டையும் அடுத்தடுத்து ஓடவிடும் வீடியோ ஏதாவது பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். எனக்கு இந்தக் கேள்வி பழக்கம்தான். கல்யாண ரிசப்ஷன்களில் டிஜே போடுகிறவன் நான். "சும்மா பட்டனைத்தானே தட்டுறே?" என்று கேட்காத சித்தப்பா இல்லை.

அந்த ரோஷத்தில்தான் அதே வெட்டலை நானே செய்து பார்த்தேன். மூலம், எட்டி ஜான்ஸ் 1979-ல் பாடிய 'மோர் ஸ்பெல் ஆன் யூ' என்ற டிஸ்கோ பாட்டு. அதில் டிரம்பெட் வரும் இடத்தை எடுத்து லூப் போட்டால், அதாவது திரும்பத் திரும்ப ஓடவிட்டால், 'ஒன் மோர் டைம்' வந்துவிடாது. பொடிப்பொடியாக நறுக்கி, வரிசையைக் கலைத்து அடுக்க வேண்டும். நறுக்கும் இடம் மயிரிழை தள்ளிப்போனால் ஸ்பீக்கரில் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அப்புறம் கம்ப்ரஸர், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அமுக்கும் கருவி. கிக் டிரம் அடி விழும்போதெல்லாம் மற்ற சத்தம் அமுங்கி எழ வேண்டும். அந்த மூச்சு இல்லையென்றால் பாட்டு பிணம் மாதிரி கிடக்கும். இன்றைய சாஃப்ட்வேரை வைத்துக்கொண்டே எனக்கு விடிந்துவிட்டது. அவர்கள் அதை வெளியிட்டது 2000-ல்.

வெட்ட மட்டுமே தெரிந்தவர்கள் என்றால், 2010-ல் 'ட்ரான்: லெகசி' படத்துக்கு ஆர்கெஸ்ட்ராவை வைத்து இசையமைத்தது யார்? 2013-ன் 'ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்' ஆல்பத்தில் சாம்பிள், அதாவது அடுத்தவர் பாட்டிலிருந்து வெட்டிய துண்டு, தேடினாலும் கிடைப்பது அரிது. நைல் ராட்ஜர்ஸ் கிதார், ஒமர் ஹக்கீம் டிரம்ஸ், எல்லாம் ஆள் வைத்து வாசித்தது. அதற்குத்தான் 2014-ல் வருடத்தின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி. 1993-லிருந்து 2021-ல் பிரியும்வரை மொத்தமே நான்கு ஸ்டுடியோ ஆல்பம். காசுக்காக வெட்டி ஒட்டுகிறவன் இவ்வளவு நிதானமாகவா இருப்பான்?

இரவல் வாங்குவது அந்தக் குடும்பத்தில் ஒருவழிப் பாதையும் இல்லை. இருவரில் ஒருவரான தோமா பங்கால்தேரின் அப்பா டேனியல் வாங்கார்ட், ஒட்டாவான் என்ற டிஸ்கோ குழுவின் தயாரிப்பாளர். அவர்களுடைய 'தே ஓகே' சாயலில்தான் 1982-ல் இந்தியில் 'ஜிம்மி ஜிம்மி' வந்தது. 2007-ல் அதையே நம்ம ஈழத்தமிழ்ப் பாடகி மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற மேடைப்பெயர்க்காரர், திரும்பப் பாடினார்.

நான் அவர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை, கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். எட்டி ஜான்ஸ் விஷயம் எனக்கும் உறுத்துகிறது. உரிமை வைத்திருந்த கம்பெனிக்குப் பணம் போனதாம். பாடிய மனிதர் கைக்கு எதுவும் வரவில்லை என்று 2021-ல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் எழுதியது.

எங்கள் தொழிலிலும் அதே கதைதான். போன ஆவணியில் வாசித்த ரிசப்ஷனுக்குப் பாக்கி இன்னும் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் கொடுத்துவிட்டார்களாம், கான்ட்ராக்டர் இல்லை என்கிறார். ஜெனரேட்டர் வாடகையை நான் கைக்காசில்தான் கட்டினேன். கேட்டால், "பாட்டுதானே போட்டே தம்பி, அதுக்கு இவ்வளவா?"