பச்சையாகவும் ஒளிராது, தொட்டாலும் சாகமாட்டீர்கள்

கேள்வி: யுரேனியம் இருட்டில் பச்சையாக ஒளிரும், தொட்டாலே உயிர் போய்விடும் என்கிறார்கள். அதன் அரை ஆயுளே 450 கோடி ஆண்டுகளாம். அத்தனை காலம் கதிர்வீச்சைக் கக்கும் சனியனை மண்ணிலேயே விட்டுவைக்காமல் எதற்குத் தோண்டுகிறார்கள்? குண்டு செய்வதைத் தவிர அதனால் என்ன பயன்?

பதில்: பச்சை ஒளியை எந்தத் திரைப்படத்தில் பார்த்தீர்கள்? புதிதாக வெட்டிய யுரேனியம் வெள்ளி போலப் பளபளக்கும், காற்றுப்பட்டால் கறுத்துப்போகும். இருட்டில் வைத்தால் இருட்டாகவே இருக்கும். பழைய கைக்கடிகாரங்களில் மின்னிய பச்சை, ரேடியத்தோடு கலந்த துத்தநாக சல்பைடின் வேலை. யுரேனியம் கலந்த கண்ணாடி பச்சையாக ஒளிரும்தான். அதற்குப் புற ஊதா விளக்கு வேண்டும். அந்த ஒளிக்கும் கதிரியக்கத்துக்கும் சம்பந்தமில்லை.

அரை ஆயுள் கணக்கையோ தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். இருப்பதில் பாதி சிதைந்து தீரவே 450 கோடி ஆண்டுகள் என்றால் அது கஞ்சன். கையில் இருப்பதைக் கிள்ளிக் கிள்ளித்தான் செலவழிக்கும். எட்டே நாளில் பாதியை இறைத்துவிடும் அயோடின்-131 தான் ஊதாரி, அஞ்ச வேண்டியதும் அதற்குத்தான். யுரேனியத் தாதுவின் கதிர்வீச்சு, அதிலுள்ள யுரேனியத்தின் அளவுக்குப் பொருந்தாமல் மிக அதிகமாக இருப்பதை மேரி கியூரி கவனித்தார். அந்தச் சந்தேகத்தைத் துரத்திப் போய்த்தான், தாதுவில் ஒளிந்திருந்த ஊதாரிகளான பொலோனியமும் ரேடியமும் 1898இல் கண்டுபிடிக்கப்பட்டன.

அதற்காகக் கொஞ்சி விளையாடலாம் என்று சொல்லவில்லை. அது வெளிவிடும் ஆல்பா கதிர்களை நம் தோலே தடுத்துவிடும். ஆனால் தூளாக மூச்சிலோ உணவிலோ உள்ளே போனால் கதை வேறு. காரீயம் போல இதுவும் ஒரு கன உலோக நஞ்சு, முதலில் அடி வாங்குவது சிறுநீரகம். சுரங்கத் தொழிலாளிக்கு, யுரேனியம் சிதையும் வழியில் பிறக்கும் ரேடான் என்ற கதிரியக்க வாயு இன்னொரு எமன்.

அணு உலை எரிபொருளைப் பாருங்கள். விரல் நுனி அளவே உள்ள கறுப்பு வில்லை, யுரேனியம் டை ஆக்சைடால் ஆனது. உலோகமாகவே வைத்தால் சுமார் 670 டிகிரி செல்சியஸில் படிக அமைப்பு மாறி உருக்குலையும். ஆக்சைடோ 2,800 டிகிரி தாண்டியும் உருகாது. உலைக்குள் போகுமுன் இந்த வில்லையைக் கையுறை மாட்டிக்கொண்டு எடுக்கலாம். சில ஆண்டுகள் எரிந்து வெளியே வந்தபின் அருகில் நின்றாலே ஆபத்து. நீர்த்தொட்டியில் ஆண்டுக்கணக்கில் மூழ்க வைக்கிறார்கள். உங்கள் பயத்தைக் கொண்டுபோய் அங்கே வையுங்கள். கொல்வது யுரேனியம் அன்று, அதன் அணுக்கள் உலையில் பிளந்து பெற்ற பிள்ளைகள்.

இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளக்கும் யுரேனியம்-235 வெறும் 0.72 சதவீதம். பெரும்பாலான மின் உலைகளுக்கு அதை 3 முதல் 5 சதவீதம் வரை செறிவூட்டுவார்கள். ஹிரோஷிமா குண்டில் இருந்தது சுமார் 80 சதவீதம். ஆகவே மின் நிலையத்து எரிபொருள் அணுகுண்டாக வெடிக்காது. உலை விபத்து என்பது வேறு சங்கதி.

குண்டைத் தவிர என்ன பயன் என்றால், முதலில் மின்சாரம். ஒரு கிலோ யுரேனியம்-235 முழுவதும் பிளந்தால் 2,500 டன்னுக்கும் மேற்பட்ட நிலக்கரியின் வெப்பம். அடுத்து மருத்துவம்: உடலை ஸ்கேன் செய்ய உதவும் டெக்னீசியம்-99எம் கிடைக்க வழிசெய்யும் மாலிப்டினம்-99, பெரும்பாலும் யுரேனியத்தைப் பிளந்தே எடுக்கப்படுகிறது. செறிவூட்டியபின் மிஞ்சும் யுரேனியத்துக்கும் வேலை உண்டு. ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள கட்டி 19 கிலோ நிறுக்கும். காரீயமோ 11 கிலோதான். அதனால் தொடக்ககால போயிங் 747 விமானங்களின் வாலில் அதை எதிர் எடையாக வைத்தார்கள். டாங்கிகளைத் துளைக்கும் குண்டுகளாக 1991 வளைகுடாப் போரில் சுட்டார்கள். தாக்கியதும் தீப்பற்றித் தூளை ஊரில் விட்டுப்போகும் அந்தப் பயனை நான் பயன் என்று எழுதமாட்டேன். தொழிற்சாலைகளில் உலோகப் பற்றவைப்பை (வெல்டிங்) சோதிக்கும் காமா கதிர் மூலங்களை வைக்கும் பெட்டிகளிலும் இதே உலோகம் கவசமாக இருக்கிறது. ஆம், கதிர்வீச்சு வெளியே வராமல் தடுப்பதற்குத்தான்.