பூமிக்காக இன்ஹேலரை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. காலையில் ஒரு பஃப், இரவில் ஒரு பஃப் புடசோனைடு ஸ்ப்ரே எடுத்து நன்றாகவே இருந்தேன். சால்பூட்டமால் மாதத்தில் ஓரிரு தடவைதான் தேவைப்படும். இன்ஹேலரில் உள்ள வாயு பூமியைச் சூடாக்குகிறது என்று மருத்துவர்களே பேசிய காணொளியைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. இரண்டு மாதமாகப் புடசோனைடை நிறுத்திவிட்டு மூச்சுப் பயிற்சி செய்கிறேன். இப்போது சால்பூட்டமால் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு இரு தடவை எடுக்க வேண்டியிருக்கிறது. சில நாள் விடியற்காலை 3 மணிக்கு எழுந்தும் எடுக்கிறேன். வெப்பம் கூடக் கூட ஆஸ்துமா மோசமாகுமா? ஸ்டீராய்டு எலும்பைக் கரைக்கும் என்கிறார்களே? காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கட்டுமா? கொசுவால் வரும் நோய்கள் பெருகுமாமே? மருத்துவர்கள் வைத்தியத்தை விட்டுவிட்டு எதற்குக் காலநிலையைப் பற்றிப் பேசுகிறார்கள்?

பதில்: இன்று இரவே புடசோனைடை மறுபடி தொடங்குங்கள். பழைய அளவிலேயே எடுங்கள். விட்டதற்கு ஈடுகட்டுகிறேன் என்று இரட்டிப்பாக்க வேண்டாம். இந்த வாரத்துக்குள் உங்கள் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

நீங்கள் கேட்ட எந்தக் கேள்வியும் என்னைக் கவலைப்படுத்தவில்லை. போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன 'விடியற்காலை 3 மணி'தான் கவலைப்படுத்துகிறது. ஆஸ்துமாக்காரர் தூக்கம் கலைந்து எழுந்து பஃப் எடுக்கிறார் என்றால் மூச்சுக்குழாய்ச் சுவர் வீங்கியிருக்கிறது என்று பொருள். சால்பூட்டமால் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைச் சில மணி நேரம் தளர்த்தும், அவ்வளவே. வீக்கத்தை அது தொடாது. அடிக்கடி எடுத்தால் அதற்கு உடம்பு காட்டும் பலனும் குறைந்துகொண்டே வரும். வீக்கத்தை அடக்குவது புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர்தான். அதை நிறுத்தியதும் உடனே ஒன்றும் ஆகாது. பலன் வடிய வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் 'நிறுத்தியும் நன்றாகத்தானே இருக்கிறோம்' என்று தோன்றும். பாராட்டு மூச்சுப் பயிற்சிக்குப் போய்விடும். பதற்றத்தைத் தணிக்கப் பயிற்சி உதவலாம். மூச்சுக்குழாய் வீக்கத்தை அது குறைக்காது.

சால்பூட்டமால் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டாலே ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை. 200 பஃப் கொண்ட குப்பி ஆண்டுக்கு மூன்று அல்லது அதற்கு மேல் தீர்ந்தால் தீவிரத் தாக்கம் வரும் அபாயம் கூடுகிறது. பன்னிரண்டைத் தொட்டால் உயிருக்கே அபாயம். சால்பூட்டமாலை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுவதைச் சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுதல்கள் 2019 முதல் ஏற்பதில்லை.

தாக்கம் வந்துவிட்டால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். படுக்காமல் நிமிர்ந்து உட்காருங்கள். ஸ்பேசரில் (ஸ்ப்ரேயின் வாயில் பொருத்தும் பிளாஸ்டிக் குடுவை) சால்பூட்டமால் ஒரு பஃப் அடித்து நான்கு மூச்சு. பிறகு அடுத்த பஃப். இப்படி நான்கு பஃப் எடுத்துவிட்டு 4 நிமிடம் பாருங்கள். குறையவில்லையென்றால் இன்னொரு நான்கு. அதற்கும் குறையவில்லையென்றால் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை இதையே தொடருங்கள். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, விலா இடுக்குகள் உள்ளே இழுக்கின்றன என்றால் நிமிடக் கணக்கெல்லாம் பார்க்காமல் முதலிலேயே அழைத்துவிடுங்கள். திணறல் அப்படியே இருக்க, 'விசில்' சத்தம் மட்டும் நின்றுபோனால் நிம்மதி அடையாதீர்கள். சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூட உள்ளே காற்று போகவில்லை என்று அர்த்தம்.

இனி உங்கள் குற்ற உணர்வுக்கு வருகிறேன். வாயு விஷயம் பொய்யில்லை. ஸ்ப்ரே இன்ஹேலரில் மருந்தைத் தள்ளும் உந்துவாயு ஒன்று இருக்கிறது. பெரும்பாலானவற்றில் அது எச்.எஃப்.ஏ. 134ஏ, கார்பன் டை ஆக்சைடைவிட 1,300 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். சிலவற்றில் இருக்கும் 227இஏ 3,000 மடங்கைத் தாண்டும். ஆனால் உலகின் எல்லா இன்ஹேலர்களும் சேர்ந்து வெளிவிடுவது மொத்த உமிழ்வில் 0.1 சதவீதத்துக்கும் குறைவு. 'ஓர் இன்ஹேலர், கார் இத்தனை கிலோமீட்டர் ஓடுவதற்குச் சமம்' என்று படம் போட்டுக் காட்டிவிட்டு இந்த இரண்டாவது கணக்கைச் சொல்லாமல் விடுகிறவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு. அவர்களில் என் துறைக்காரர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். நாளுக்கு 2 பஃப் புடசோனைடு என்றால் ஆண்டுக்கு 730 பஃப். 200 பஃப் குப்பியில் நான்கு. நிறுத்தி மிச்சப்படுத்தியது அவ்வளவுதான். சால்பூட்டமால் தடவைக்கு 2 பஃப் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 20 பஃப். பத்து வாரத்தில் ஒரு குப்பி காலி, ஆண்டுக்கு ஐந்து. முன்பு உங்களுக்கு ஒரு குப்பியே வருடம் முழுக்கத் தாங்கியிருக்கும். மிச்சம் பிடித்த வாயு முழுவதும் வேறு குப்பி வழியே வெளியே போய்க்கொண்டிருக்கிறது. நாளை ஆம்புலன்ஸ், ஆக்சிஜன், நெபுலைசர், நான்கு நாள் வார்டு என்று ஆனால் அந்தப் புகையும் இதில் சேரும்.

உந்துவாயு மாறுவது இது முதல் முறையும் கிடையாது. இன்ஹேலர்களில் முன்பு ஓசோன் படலத்தை அரிக்கும் சி.எஃப்.சி. என்ற வாயு இருந்தது. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தால் அது மற்ற பொருள்களிலிருந்து விலக்கப்பட்டபோது, மாற்று வரும்வரை ஆஸ்துமா இன்ஹேலர்களுக்கு விலக்கு தந்தார்கள். 'ஓசோனுக்காக ஒரு வேளை பஃப்பை விடுங்கள்' என்று எந்த நோயாளியிடமும் யாரும் கேட்கவில்லை. மாற வேண்டியது தொழிற்சாலையில், அங்கேதான் மாற்றினார்கள். இப்போதும் அதே வேலை நடக்கிறது. அதே ஒப்பந்தத்தில் 2016இல் செய்த கிகாலி திருத்தப்படி எச்.எஃப்.ஏ. வகை வாயுக்கள் படிப்படியாகக் குறைக்கப்படுகின்றன. மாற்றாக வரும் 152ஏ என்ற உந்துவாயு வெப்பத்தைப் பிடித்துவைப்பது 200 மடங்குக்கும் கீழே. 1234இசட்இ என்ற இன்னொன்று கிட்டத்தட்ட கார்பன் டை ஆக்சைடு அளவுக்கே வந்துவிடுகிறது.

அதுவரை காத்திருக்க மனசில்லையென்றால் உந்துவாயுவே இல்லாத பொடி இன்ஹேலர் இருக்கிறது. மருத்துவரிடம் கேட்க வேண்டியது இதைத்தான்: புடசோனைடும், மூச்சுக்குழாயைத் தளர்த்தும் ஃபார்மோட்டராலும் சேர்ந்த பொடி இன்ஹேலர் ஒன்றையே தினசரிக்கும், இளைப்பு வரும்போதும் பயன்படுத்தலாமா? உங்கள் வயதில் பலருக்கு இது பொருந்தும். ஒரே கருவி, வாயு இல்லை. ஒவ்வொரு தடவை இளைப்புக்கு எடுக்கும்போதும் வீக்கத்துக்கான மருந்தும் உள்ளே போகிறது. ஆனால் நீங்களாகக் கடையில் கேட்டு வாங்கி மாற்றிக்கொள்ளாதீர்கள். இரண்டு கருவிகளிலும் மூச்சு இழுக்கும் முறை நேர் எதிரானது. ஸ்ப்ரேயைக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, அழுத்திக்கொண்டே 4-5 வினாடி மெதுவாக இழுக்க வேண்டும். பொடியைத் தொடக்கத்திலிருந்தே வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இழுக்கும் வேகத்தில்தான் கட்டி உடைந்து துகளாகிறது. ஸ்ப்ரே பழக்கத்தில் பொடியை மெல்ல இழுத்தால் மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும். எதை எடுத்தாலும் பிறகு 10 வினாடி மூச்சை அடக்குங்கள், ஸ்டீராய்டு என்றால் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள்.

பொடியில் கெட்டுப்போக வழிகள் அதிகம். கருவிக்குள் மூச்சை ஊதினால் ஈரம் பட்டுப் பொடி கட்டியாகும். கேப்ஸ்யூலை முன்கூட்டியே அட்டையிலிருந்து பிரித்து வைத்தாலும் அப்படியே. கேப்ஸ்யூலை மாத்திரை மாதிரி விழுங்கிவிட்டு 'மருந்து வேலை செய்யவில்லை' என்று வருகிறவர்களும் உண்டு. சிறு குழந்தைகளுக்கும், பலமாக இழுக்க முடியாத முதியவர்களுக்கும் பொடி சரிப்படாது. அவர்கள் ஸ்ப்ரேயும் ஸ்பேசருமாக இருக்கட்டும், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. நீங்களும் இப்போதே மாற வேண்டாம். முதலில் இரவுத் தூக்கம் கலையாத நிலைக்கு வாருங்கள். மாறிய ஒன்றிரண்டு மாதத்தில் மருத்துவர் மறுபடி பார்க்கட்டும்.

ஸ்பேசர் இல்லையென்றால் வாங்குங்கள். மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்துத் துடைக்காமல் நிழலில் காயவிடுங்கள். துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்னூட்டம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். குப்பியில் மருந்து இருக்கிறதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் வித்தை தப்பு. மருந்து தீர்ந்த பிறகும் வெறும் வாயு பல பஃப் வரும். எண்ணிக்கை காட்டும் குப்பியாகக் கேளுங்கள், அல்லது தொடங்கிய தேதியை அதன்மேல் எழுதிவையுங்கள்.

வெப்பம் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. சூடான வெயில் நாளில் வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கரிம ஆவிகளும் சேர்ந்து தரைமட்ட ஓசோன் உண்டாகிறது. மூச்சுக்குழாய்க்கு அது எரிச்சலூட்டி. பிற்பகலில் உச்சம். துகள் வடிகட்டும் முகக்கவசம் இந்த வாயுவைத் தடுக்காது. ஓட்டம், சைக்கிள் எல்லாவற்றையும் காலைக்கு மாற்றுங்கள். இடிமழையும் சும்மா விடாது. 2016 நவம்பர் 21 அன்று மெல்போர்னில் இடிமழையின்போது புல் மகரந்தம் ஈரத்தில் வெடித்து நுண்துகளாகி, ஒரே மாலையில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். மகரந்த ஒவ்வாமை இருந்தும் தினசரி ஸ்டீராய்டு எடுக்காதவர்களுக்கு இத்தகைய நாளில் அபாயம் அதிகம். இப்போது நீங்கள் இருக்கும் நிலையும் அதற்கு வெகு தூரமில்லை.

எலும்பு: நீங்கள் எடுப்பது மைக்ரோகிராம் கணக்கில், பெரும்பாலும் நுரையீரலோடு நின்றுவிடும். எலும்பைப் பற்றிக் கவலை என்றால், தீவிரத் தாக்கத்துக்காகத் திரும்பத் திரும்பத் தர நேரும் ஸ்டீராய்டு மாத்திரையைப் பற்றிக் கவலைப்படுங்கள். சுத்திகரிப்பான்: புகைமூட்ட நாளில், கதவு ஜன்னலை அடைத்த அறையில், ஹெப்பா (நுண்துகளைப் பிடிக்கும்) வடிகட்டி உள்ளது உதவும், ஓசோன் வெளிவிடும் வகை ஆகாது. கொசு: வெப்பம் கூடினால் அவை புதிய இடங்களுக்குப் பரவும் என்பது உண்மை, ஆனால் உங்கள் இளைப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மருத்துவர்கள் ஏன் பேசுகிறார்கள் என்றால், கார்பன் டை ஆக்சைடு வரும் அதே புகைபோக்கியிலிருந்தும் சைலன்சரிலிருந்தும்தான் நுரையீரலுக்குள் இறங்கும் நுண்துகளும் வருகிறது. அந்தத் துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த ஆண்டு சராசரி எல்லை, கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். உலகில் 99 சதவீதம் பேர் அந்நிறுவனத்தின் காற்றுத்தர எல்லைகளைத் தாண்டிய காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். லண்டனில் போக்குவரத்து நெரிசல் மிகுந்த சாலை அருகே வாழ்ந்த 9 வயதுச் சிறுமி 2013இல் ஆஸ்துமாவால் இறந்தாள். 2020இல் விசாரணை அதிகாரி அவள் இறப்புக் காரணங்களில் காற்று மாசையும் சேர்த்தார். அதற்கு அடிப்படை, நுரையீரல் நிபுணரின் சாட்சியம். மருந்துச்சீட்டில் எழுதித் தீர்க்க முடியாத காரணம் என்றால் அதை வெளியே வந்துதான் சொல்ல வேண்டும். 2021 செப்டம்பரில் 200க்கும் மேற்பட்ட மருத்துவ இதழ்கள் ஒரே தலையங்கத்தை ஒரே நேரத்தில் வெளியிட்டது இதற்காகவே.

சொல்கிறவர்கள் முதலில் சொந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்பதும் சரிதான். உலக உமிழ்வில் 4 முதல் 5 சதவீதம் மருத்துவத் துறையின் பங்கு. டெஸ்ஃபுளூரேன் என்ற மயக்க வாயு கார்பன் டை ஆக்சைடைவிட 2,500 மடங்கு அளவுக்கு வெப்பம் பிடிக்கும். செவோஃபுளூரேன் என்ற மற்றொரு மயக்க வாயு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மயங்கிக் கிடக்கும் நோயாளிக்குப் பெரும்பாலும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. ஸ்காட்லாந்து 2023இல் டெஸ்ஃபுளூரேனைக் கைவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல் தவிர்க்க முடியாத தேவைக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியது. நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னொரு மயக்க வாயு குழாய்களில் கசிந்தே வீணாகும் மருத்துவமனைகள் உண்டு. குழாயை அடைத்துச் சிறு சிலிண்டருக்கு மாறினால் நின்றுவிடும். மருத்துவர்கள் முனைந்து செய்ய வேண்டிய வேலை இப்படி நிறைய இருக்கிறது. அந்தப் பட்டியலில் உங்கள் காலை பஃப் இல்லை.

மருத்துவரிடம் போகும்போது இரண்டு இன்ஹேலர்களையும் எடுத்துப் போங்கள். அவர் கண் முன்னால் ஒருமுறை எடுத்துக் காட்டுங்கள். கடந்த இரு வாரத்தில் எத்தனை இரவு விழித்தீர்கள் என்று குறித்துச் செல்லுங்கள். தீர்ந்த குப்பிகளைத் துளைக்கவோ நெருப்பில் போடவோ வேண்டாம், உள்ளே இன்னும் வாயு இருக்கும். திரும்பப் பெறும் மருந்தகம் இருந்தால் அங்கே கொடுத்துவிடுங்கள்.